சாட்சிக் கையெழுத்து: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பாளையங்கோட்டை, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன்:

பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சிக் கட்டளையை மட்டும் நான் மீறவே மாட்டேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கோர்ட் படி ஏறினதில்லை. யார் மேலும் பொய்க் கேஸ் போட்டதில்லை. அப்புறம் என்ன?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். சர்ச்சில் எனக்கு முந்தின பெஞ்சு. அவர் அடக்கம் முடிந்து பத்து நாள் இருக்கும், மூத்த மகன் வீட்டுக்கு வந்தார். கையில் மூன்று வெள்ளைத்தாள், மூலையில் ஸ்டேப்ளர் பின். உயில்.

"அண்ணாச்சி, அப்பா கையெழுத்துப் போட்டுட்டாங்க. சாட்சி ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. மாமா போட்டாச்சு, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அப்பா உங்ககிட்ட சொன்னதுதானே?"

சொன்னதுதான். சாயங்கால நடையில் ரெண்டு தடவை என்னிடமே சொல்லியிருக்கிறார், வீடு பெரியவனுக்கு என்று. அதனால் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டேன். முடித்த பிறகுதான் தாளின் தலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை, நாகர்கோவிலில் மருமகள் கல்யாணத்தில் இருந்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. காபி வந்தது, குடித்தோம்.

ஆறு மாதம் கழித்து தங்கச்சிமார் ரெண்டு பேரும் பாகப்பிரிவினைக்கு வழக்குப் போட்டார்கள். வக்கீல் என்னை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். "அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன், நான் போட்டதை அவர் பார்த்தார். இந்த ரெண்டு வரிதான் சார், வேற எதுவும் பேசாதீங்க." உயிலுக்குக் குறைந்தது ரெண்டு சாட்சி வேண்டும், அவர்கள் இப்படித்தான் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறதாம். வங்கியில் முப்பது வருடம் கையெழுத்தைச் சரிபார்த்தவனுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்த விஷயத்தை அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி பைபிளில் 1 இராஜாக்கள் 21-ஐ எடுத்துப் படித்தேன். நாபோத்தின் திராட்சத்தோட்டம் ராஜா ஆகாபுக்கு வேண்டும், நாபோத் தர மாட்டேன் என்கிறான். சின்ன வயதில் படித்தபோது ராஜாவின் மனைவி யேசபேல் ஒரு கொடுமைக்காரி, கதை முடிந்தது. இந்தத் தடவை வேறு ஒன்று கண்ணில் பட்டது. அவள் அடியாள் அனுப்பவில்லை. ராஜாவின் முத்திரை போட்டுக் கடிதம் அனுப்புகிறாள், உபவாசம் கூறச் சொல்கிறாள், பொய்ச்சாட்சி சொல்ல நாபோத்துக்கு எதிரே ரெண்டு பேரை உட்காரவைக்கச் சொல்கிறாள். ஒன்றல்ல, ரெண்டு. மோசேயின் சட்டம் கேட்கிற எண்ணிக்கை அது. ஊர் மூப்பர்களும் அப்படியே செய்கிறார்கள். ஒரு சட்டமும் மீறப்படவில்லை, ஆள் மட்டும் கல்லெறிபட்டுச் செத்துப்போகிறான்.

உபாகமம் 19-இல் அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும், சாட்சி பொய் என்று தெரிந்தால் அவன் அடுத்தவனுக்குச் செய்ய நினைத்ததையே அவனுக்குச் செய்ய வேண்டும். என் கேஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பொய்யால் தங்கச்சிமாருக்கு வீட்டில் பங்கு இல்லாமல் போகும். அப்படியானால் என் வீடு.

காலையில் வக்கீலிடம் சொல்லிவிட்டேன், நான் பார்க்கவில்லை என்று. உயிலை விட்டுவிட்டு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். மூத்தவர் என்னோடு பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் இருந்து வருகிற முறுக்கும் அதிரசமும் மூணு வருடமாக வரவில்லை. இதில் குழப்பம் என்னவென்றால், பெரியவர் ஆசைப்பட்டது உண்மை. நான் உண்மையைச் சொன்னதால் அவர் ஆசை நடக்காமல் போனது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

தஞ்சாவூர், ஆசிரியை:

அண்ணன், முதலில் ஒரு சின்ன விஷயம். நாங்கள் லுத்தரன் சபை, கட்டளைகளை எண்ணுகிற முறை வேறு. எங்களுக்கு இது எட்டாம் கட்டளை, உங்களுக்கு ஒன்பதாவது. கல்யாணமாகி சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுக்குப் போன என் தங்கை ஓய்வுநாள் பாடசாலையில் எண்ணை மாற்றிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். லுத்தரின் ஞானோபதேசத்தில் இந்தக் கட்டளைக்கு ஒரு விளக்கம் உண்டு. பிறனைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, அவனுக்காகப் பரிந்து பேசி, அவன் செய்ததற்கு நல்ல அர்த்தம் கொடுக்கவும் வேண்டும். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொண்டு இதைக் கடைப்பிடிக்க முடிந்தவர்கள் கை தூக்கலாம்.

என் அனுபவம் வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள், அதாவது கடவுள் நமக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் சொல்வது. எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து, சோதித்துப் பார்த்ததில் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று தெரிந்திருந்தது. மைக்கைப் பிடித்ததும் "டாக்டர்கள் பயந்தார்கள்" என்றேன். பயந்தது நான். கூட்டம் "ஸ்தோத்திரம்" என்றதும் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். இறங்கி வரும்போது புற்றுநோயோடு இருந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "உனக்குச் செஞ்சவரு எனக்கும் செய்வாரும்மா" என்றாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

1 கொரிந்தியர் 15-இல் பவுல் சொல்வதைப் பாருங்கள். கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் நாங்கள் தேவனைப் பற்றியே பொய்ச்சாட்சி சொன்னவர்களாவோம் என்கிறார். கடவுளுக்காகவே சொன்னாலும் பொய்ச்சாட்சி பொய்ச்சாட்சிதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மைக் பிடிக்கிற நமக்குத்தான் தெரிவதில்லை.

நாகப்பட்டினம், கோர்ட்டில் டைப்பிஸ்ட்:

எங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் தானியேல் 13 உண்டு. வேறொருவனோடு கூடியிருந்ததைப் பார்த்தோம் என்று சூசன்னா என்ற பெண் மேல் பொய்ப் பழி போட்ட ரெண்டு முதியவர்களையும் தானியேல் தனித்தனியே விசாரிக்கிறார். எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறார். ஒருவர் ஒரு மரம் சொல்கிறார், மற்றவர் வேறு மரம். குறுக்கு விசாரணைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் இப்போது வருகிற சாட்சிகள் மரத்தின் பெயரை வராந்தாவிலேயே பேசி ஒத்துக்கொண்டுதான் கூண்டில் ஏறுகிறார்கள். தினமும் டைப் அடிக்கிறேன்.

விழுப்புரம், பெயர் வேண்டாம்:

எல்லாரும் நல்லபடியாக எழுதுகிறீர்கள். என் விஷயம் அவ்வளவு சுத்தமானது அல்ல.

சர்ச்சில் எனக்கு ஒரு பெயர். சாதிச் சான்றிதழில் வேறு பெயர், அதற்குப் பக்கத்தில் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கும். அப்பா செய்த ஏற்பாடு. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் முதலில் இந்து மட்டும்தான். 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரை. கிறிஸ்தவனாக ஆனால் அந்தச் சலுகை போய்விடும். தெருவும் மாறவில்லை, ஊரில் எங்களைக் கூப்பிடுகிற விதமும் மாறவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சாசனத்தின் மேல் செய்கிற மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, செய்தியை ரெண்டு தடவை படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். யாத்திராகமம் முதல் அதிகாரத்தை எடுத்தார். எபிரெய மருத்துவச்சிகள் சிப்பிராள், பூவாள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், நாங்கள் போவதற்குள் பிள்ளை பிறந்துவிடுகிறது என்கிறார்கள். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. "அது உயிர் காக்கச் சொன்ன பொய். உன்னுடையது அந்தக் கணக்கில் வருமா, எனக்குத் தெரியலப்பா" என்றார். வரும் என்று சொல்லியிருந்தால் அவரை நம்பியிருக்க மாட்டேன். என் மகளுக்கு அடுத்த வருடம் சான்றிதழ் எடுக்க வேண்டும். விண்ணப்பம் மேஜை மேல் இருக்கிறது, மதம் என்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

பாளையங்கோட்டை, முதலில் எழுதியவன்:

விழுப்புரத்துத் தம்பிக்கு: நான் போட்ட கையெழுத்தையும் உங்கள் அப்பா எழுதியதையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. கட்டளையில் "பிறனுக்கு விரோதமாக" என்று ஒரு சொல் இருக்கிறது. என் கதையில் அந்தப் பிறன் யார் என்று தெரியும், ரெண்டு தங்கச்சிமார், பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். உங்கள் விண்ணப்பத்தில் அது யார் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். மகள் பெரிய பிள்ளையாக இருந்தால், அவளையும் உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள்.