ஸ்டீராய்டு மாத்திரையும் எங்கள் நாய்களும்: கேரள-தமிழக எல்லையின் இரண்டு ஊர்களிலிருந்து

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் தென்னந்தோப்பில் வளரும் செம்பிக்கு 6 வயது, எடை 20 கிலோ. சென்ற ஆடி மாதத்தில் இரண்டு நாள் எழுந்திருக்காமல் படுத்திருந்தவளின் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது; சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனது. உள்ளூர் மருத்துவர் தாமதிக்க வேண்டாமென்று திருச்சூரை அடுத்த மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 37-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவளுக்கு 16 இருந்தது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே சிவப்பணுக்களை அந்நியமென்று எண்ணி அழிக்கும் நோய் இது. உண்ணியால் பரவும் பபேசியா கிருமியும் இதே நிலையை உண்டாக்கும் என்பதால், அது இல்லையென்று சோதித்து அறிந்த பிறகே இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார்கள்.

கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் எதிர்ப்பாற்றலை அடக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, அதாவது 20 மில்லிகிராம் மாத்திரை காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும், அத்துடன் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடாமல் இருக்கக் குளோபிடோகிரெல். ஆறாவது வாரத்தில் சிவப்பணு அளவு 36-க்கு ஏறியது, மாத்திரையும் நாளுக்கு 30 மில்லிகிராமாகக் குறைந்தது. ஆனால் அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், திண்ணையிலேயே சிறுநீர் கழித்தாள், எந்நேரமும் பசியென்று அழுதாள், வயிறு தொங்கி முதுகெலும்பு தெரியத் தொடங்கியது. நோய் போய்விட்டது, மருந்துதான் இவளை வாட்டுகிறது என்று நானே முடிவு செய்து ஒரு திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை வாந்தி எடுத்தாள். வெள்ளிக்கிழமை கால் நிற்கவில்லை. ஈறு மறுபடியும் வெளுத்தது. சோதனையில் 19.

அன்று மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பெட்டென்னு நிர்த்தருது" (திடீரென்று நிறுத்தக்கூடாது) என்று மட்டும் மூன்று முறை சொன்னார். வெளியிலிருந்து இந்த மருந்து நாள்தோறும் வரும்போது சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடுகிறது என்றும், மாத்திரை திடீரென்று நின்றால் சுரப்பியும் விழித்துக்கொள்ளாமல் மருந்தும் இல்லாமல் உடல் தவித்துப்போகும் என்றும், அடங்கியிருந்த நோயும் அந்த இடைவெளியில் திரும்பிவிடலாம் என்றும் பொறுமையாக விளக்கினார். முழு அளவிலிருந்து மீண்டும் தொடங்கினோம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, எண் இறங்காமல் இருந்தால் மட்டும் ஏறக்குறைய கால் பங்கு குறைப்பது என்பது இப்போதைய ஏற்பாடு.

அதற்குப் பிறகு பழைய பால் கணக்கு நோட்டு ஒன்றை இதற்கென்று வைத்திருக்கிறேன். கொடுத்த நேரம், மில்லிகிராம், ஈற்றின் நிறம், சிறுநீரின் நிறம், இவ்வளவுதான் எழுதுகிறேன். ஒருமுறை கடையில் 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராம் அட்டை வந்ததை இந்த நோட்டோடு ஒப்பிட்டதால்தான் அன்றே கண்டுபிடித்தேன். அட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் மிஞ்சிய சின்ன வெங்காயச் சாம்பார் சோறு அவளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வெந்தாலும் அந்தத் தன்மை போவதில்லையாம். இப்போது அவளுக்கெனத் தனியாகச் சோறும் கோழியும் வேகின்றன, மாத்திரையும் அந்தச் சோற்றோடுதான், வெறும் வயிற்றில் ஒருபோதும் இல்லை.

செங்கோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் நாய் மணிக்கு எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் இதே வகையில் தோல் நோய். மூக்கின் மேலும் காதிலும் பொருக்குத் தட்டியதைச் சொறி என்று எண்ணி இரண்டு மாதம் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கொப்புளத்து நீரை எடுத்துப் பார்த்த பிறகே அது பெம்பிகஸ் என்ற அந்த நோய் என்று தெரிந்தது. வெயில் பட்டால் இது கூடும் என்பதால் நடைப்பயிற்சியை விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் மாற்றிக்கொண்டோம்.

பிரெட்னிசோலோனோடு எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்னொரு மருந்தான அசதயோப்ரினும் எழுதிக் கொடுத்தார்கள். அசதயோப்ரின் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது. என் மருமகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஆகவே அந்த டப்பாவை என் பீரோவில் பூட்டி வைத்து நானே கொடுத்தேன். எலும்பு மச்சையை அது ஒடுக்கக்கூடும் என்பதால் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள்.

நான் செய்த பிழை வேறு. நொண்டினானென்று முன்பு வாங்கி மிச்சமிருந்த மெலாக்சிகம் வலி மாத்திரையை இரண்டு நாள் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். மலம் தார்போலக் கறுத்தது, இரைப்பையில் புண். ஸ்டீராய்டும் அந்த வகை வலி மருந்தும் ஒரே வயிற்றில் சேரவே கூடாதாம். எந்த மருத்துவரிடம் போனாலும் ஓடும் மருந்துகளின் சீட்டை முதலில் நீட்டுங்கள், காது கழுவப் போனாலும் கூட.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீண்டும்:

வலி மருந்து பற்றி எழுதியதற்கு மிகவும் நன்றி. எங்கள் வீட்டிலும் அதே மாத்திரை ஒரு அட்டை இருந்தது, இன்று எடுத்து அப்புறப்படுத்திவிட்டேன். செம்பிக்கு இந்த வாரம் 41 வந்திருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 5 மில்லிகிராம். அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று வாரம் கழித்து.