லோன்ஷானில் மட்டும் ஜப்பான் குதிரைகளுக்கு ஏன் வெற்றி கிட்டவில்லை?

பத்து காந்தோங்காரன், பினாங்கு:

அன்பர்களுக்கு வணக்கம். என் தந்தையார் பினாங்கில் பந்தய லாயத்தில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக, இருந்தவர். எங்கள் வீட்டில் குதிரைகளின் பெயர்கள் உறவினர் பெயர்களைப் போலவே புழங்கும். 2025 மே மாதத்தோடு இங்கே பந்தயம் நின்றுவிட்டதால், இப்போது அவருக்கு வெளிநாட்டுப் பந்தயங்களை இரவில் கண்விழித்துப் பார்ப்பது ஒன்றே பொழுதுபோக்கு.

அவருக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஜப்பானியக் குதிரைகள் மற்ற இடங்களில் வெல்கின்றன: துபாய் உலகக் கோப்பையை 2011-இல் விக்டுவார் பீசாவும் 2023-இல் உஷ்பா டெசோரோவும் வென்றன. மெல்பர்ன் கோப்பையில் 2006-இலேயே டெல்டா புளூஸ் முதலாவதாக வந்தது. ஃபாரெவர் யங் 2025-இல் சவூதி கோப்பையையும் அமெரிக்காவின் பிரீடர்ஸ் கோப்பை கிளாசிக்கையும் கைப்பற்றியது. ஆனால் பாரிஸ் லோன்ஷான் திடலில் அக்டோபரில் நடக்கும் ஆர்க் த திரியோம்ஃப் பந்தயத்துக்கு 1969 முதல் சென்றுவந்தும் ஒரு முறைகூட ஜப்பானியக் குதிரை வென்றதில்லை. "எல்லாம் அந்த ஈரப் புல்லால் வந்த வினை" என்கிறார் அப்பா. அது மட்டுமே காரணமாக இருக்க முடியுமா?

சுங்கை பெசி வாசி, கோலாலம்பூர்:

உங்கள் தந்தையார் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது, ஐயா. தோக்கியோவில் 2018 ஜப்பான் கோப்பையை அல்மண்ட் ஐ 2,400 மீட்டர் தூரத்துக்கு 2 நிமிடம் 20.6 வினாடியில் ஓடி முடித்தது. அதே தூரத்தை, மழையில் ஊறிய லோன்ஷானில், 2022-இல் வென்ற அல்பினிஸ்டா கடக்க 2 நிமிடம் 35 வினாடிக்கு மேல் ஆனது. கெட்டியான தரையில் விரைவாகக் காலை எடுத்துவைத்துப் பழகிய குதிரை, குளம்பு புதையும் தரையில் ஒவ்வோர் அடியையும் பிடுங்கிப் பிடுங்கி ஓட வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு சென்ற நான்கு ஜப்பானியக் குதிரைகளில் ஒன்றுகூட முதல் பத்து இடங்களுக்குள் வரவில்லை.

ஆயினும், இரண்டாமிடம் வந்த குதிரைகளை எடுத்துப் பார்த்தால் வேறொரு காரணமும் தென்படுகிறது. எல் காண்டோர் பாசா 1999-இல் அரைக் குதிரை நீளத்தில் மோன்ஜுவிடம் தோற்றது. நகயாமா ஃபெஸ்டா 2010-இல் தலையளவு வித்தியாசத்தில் வொர்க்ஃபோர்ஸிடம் தோற்றது. வென்ற இரண்டுமே மூன்று வயதுக் குதிரைகள். அந்தப் பந்தயத்தில் மூன்று வயதுக் குதிரைக்கு முதுகில் ஏற்றும் எடை அப்போது 56 கிலோ. மூத்த ஆண் குதிரைக்கு 59.5 கிலோ. தலையளவில் தோற்ற குதிரைக்கு மூன்றரைக் கிலோ சின்ன விஷயமன்று.

பத்து காந்தோங்காரன்:

எடைக் கணக்கை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மறுபேச்சின்றி 2012-ஐ நினைவுபடுத்தினார். அந்த ஆண்டு நேர்வழியில் ஓர்ஃபெவ்ர் எல்லாரையும் முந்திச் சென்ற பிறகு உட்புற வேலியை நோக்கிச் சாய்ந்து, கழுத்தளவில் சோலேமியாவிடம் தோற்றது. தரை நல்ல ஈரம்தான், இருந்தும் அது முந்திவிட்டது. வென்றது நான்கு வயதுப் பெண் குதிரை. அந்தத் தோல்விக்குத் தரையையும் குற்றம் சொல்ல முடியாது, மூன்று வயதுச் சலுகையையும் குற்றம் சொல்ல முடியாது; அதன் குணம்தான் அதைக் கெடுத்தது.

பிறை ஆசிரியை:

உரையாடலில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஓர்ஃபெவ்ரும் நகயாமா ஃபெஸ்டாவும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். அந்தத் தகப்பன் ஸ்டே கோல்டு. ஐம்பதாவது ஓட்டத்தில், அதாவது கடைசி ஓட்டத்தில், 2001 ஹாங்காங் வாஸ் பந்தயத்தை வென்ற முரட்டுக் குதிரை அது. தந்தையின் பிடிவாதமும் சேர்ந்தே வந்ததென்று நினைக்கிறேன். அந்த ஈரத்தரையில் பெரிய பெயர் பெற்ற வேகக் குதிரைகளைவிட இத்தகைய பிடிவாதக் குதிரைகளே நெருங்கி வந்திருக்கின்றன.

என் கருத்தில், முக்கியமான காரணம் தங்கும் காலம். எல் காண்டோர் பாசா 1999 வசந்தத்திலேயே பிரான்சுக்குச் சென்று, அங்கேயே தங்கி, மே மாதம் ஒரு பந்தயத்தில் இரண்டாமிடம், பின்னர் சேன்-கிளூ, ஃபுவா பந்தயங்களில் வெற்றி, அதன் பிறகே ஆர்க் என்று நான்கு முறை அந்தப் புல்லில் ஓடியது. வாடகை வீட்டிலேயே குடியேறி ஊர் பாஷையைக் கற்றுக்கொண்ட மாதிரி. இன்றைக்கு அப்படி அரையாண்டை ஒதுக்குவதற்கு எந்த உரிமையாளருக்கு மனம் வரும்? ஜப்பான் கோப்பையின் முதல் பரிசு மட்டுமே 2023 முதல் 50 கோடி யென். வீட்டில் விருந்து காத்திருக்கும்போது யார் வெளியூரில் விரதமிருப்பார்கள்?

சுங்கை பெசி வாசி:

ஆசிரியை சொல்வதை ஏற்கிறேன். எடைக் கணக்கை நான் சற்று அழுத்திச் சொல்லிவிட்டேன். 2013-இல் திரேவ் என்ற மூன்று வயதுப் பெண் குதிரை அதே ஓர்ஃபெவ்ரை ஐந்து குதிரை நீளத்தில் தோற்கடித்ததற்கு எந்த எடைக் கணக்கும் ஈடாகாது.

பத்து காந்தோங்காரன்:

இருவருக்கும் நன்றி. அப்பாவும் பாதி இறங்கி வந்துவிட்டார். "சிங்கப்பூர் கிராஞ்சியில் ஜெயிக்க ஜப்பான்காரன் அரை வருஷம் தங்கவில்லையே" என்று மட்டும் முணுமுணுத்தார். 2006-இல் ஹொக்கைதோவின் உள்ளூர்ப் பந்தய அமைப்பிலிருந்து வந்த காஸ்மோ பல்க் சிங்கப்பூர் அனைத்துலகக் கோப்பையை வென்றதும், மறு ஆண்டு ஷேடோ கேட்டுக்குப் பின்னால் அதுவே இரண்டாவதாக வந்ததும் அவருக்கு நேற்று நடந்தது போல. கிராஞ்சித் திடலும் 2024 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. இனி அக்டோபர் முதல் ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல் நாங்கள் இருவரும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருப்போம். தரை ஈரமா என்று அப்பா முதலில் கேட்பார்.