வத்தகைச் செய்கை: கன்று நெருக்கமும் மேற்கட்டுப் பசளையும்

வாகரை மணல் எழுதியது:

வணக்கம். கடந்த சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் மணல் நிலத்தில் வத்தகை (தர்ப்பூசணி) செய்தேன். வரிசைக்கு வரிசை 2 மீற்றரும் குழிக்குக் குழி அரை மீற்றருமாக, குழிக்கு இரண்டு கன்றுகள் விட்டேன். காய் நிறையவே பிடித்தது. ஆனால் வாங்க வந்த வியாபாரி 3 கிலோவுக்குக் குறைந்தவற்றை ஒருபுறம் ஒதுக்கி, அவற்றுக்குப் பாதி விலையே தந்தார். காய் பருக்கும் நேரத்திலும் யூரியா கொடுத்திருந்தேன். கொடி கரும்பச்சையாகப் படர்ந்ததே தவிர, பழத்தை வெட்டியபோது நடுவில் வெடிப்பும் சப்பென்ற சுவையுமே இருந்தன. இடைவெளியைக் கூட்டினால் வருமானம் குறைந்துவிடுமா?

திருக்கோவில் தோட்டக்காரன் எழுதியது:

தம்பி, உங்கள் கணக்குப்படி ஏக்கரில் ஏறத்தாழ 4,000 குழிகளும் 8,000 கன்றுகளும் நின்றிருக்கின்றன. குழிக்குக் குழி 1 மீற்றர் விட்டு ஒரே கன்றை வைத்தால் 2,000 கன்றுகள் போதும். கலப்பின விதை விற்கும் விலையில், அந்த மிச்சமே முதல் இலாபம். கொடிக்கு 4 கிலோவில் ஒரே ஒரு பழம் தேறினாலும் 8,000 கிலோ கிடைக்கும், அதுவும் முழு விலைக்குப் போகும் பழமாக. அடிக்கணுவில் முதலில் வரும் பிஞ்சு பெரும்பாலும் கோணலாகவே வளரும் என்பதால், அதைக் கிள்ளிவிட்டு எட்டாம் கணுவுக்கு அப்பால் பிடிப்பதை வளர விடுங்கள்.

மணல் யூரியாவைப் பிடித்து வைக்காது. ஒரே தடவையில் அள்ளிப் போட்டால், அடுத்த நீர்ப்பாய்ச்சலோடு அது வேருக்குக் கீழே இறங்கிவிடும். மக்கிய மாட்டெருவுடன் ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையை அடிக்கட்டாக, அதாவது நடுமுன், இட்டு, யூரியாவை மேற்கட்டாக, அதாவது கன்று வளரும்போது, சிறு சிறு பங்காகப் பிரித்துக் கொடுங்கள். பிஞ்சு கைமுட்டி அளவுக்கு வந்ததும் யூரியாவை நிறுத்திவிட்டு, எம்.ஓ.பி. என்ற பொட்டாசியப் பசளையை மட்டும் இடுங்கள். நீங்கள் கண்ட வெடிப்புக்குப் பிந்திய யூரியாவும் ஒழுங்கற்ற நீரும் காரணமாக இருக்கலாம். காயின் நுனி கறுத்தால் உடனே பூஞ்சணக்கொல்லி வாங்க ஓடாதீர்கள். அது பெரும்பாலும் கல்சியம் குறைவாலும் நீர் ஏறி இறங்குவதாலும் வருவது. அந்த மருந்துச் செலவு வீண் என்பதை நான் பல போகங்கள் கழித்தே உணர்ந்தேன்.

அக்கரைப்பற்று வாசகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நடும் நாளையும் கணக்கில் எடுங்கள். நோன்பு காலத்தில் எங்கள் பக்கத்தில் வத்தகைக்கு நல்ல கிராக்கி இருக்கும். ஆனால் நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முந்தி வருகிறது. 2023இல் மார்ச் பிற்பகுதியில் தொடங்கியது, 2026இல் பெப்ரவரிக்கு வந்துவிட்டது. நட்டதிலிருந்து பழம் வெட்டும் வரையான எண்பது நாட்களை அந்தப் பெப்ரவரியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் நவம்பர் இறுதியில் நட வேண்டும். அது மாரி மழையின் நடுப்பகுதி. நீர் வடியும் மேட்டு மணல் இல்லாதவர்கள் அந்த விலைக்கு ஆசைப்படாமல், தைப்பொங்கல் கழிந்த கையோடு நட்டுச் சித்திரை வருடப்பிறப்புக்குப் பழம் வெட்டுவதே நல்லது.

இன்னொன்றையும் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். பெண் பூ ஒரு நாள் காலையில் மட்டுமே விரிந்திருக்கும். அந்த நேரத்தில் பூச்சிநாசினி விசிறினால் தேனீ வராது, பிடிக்கும் பிஞ்சும் ஒருபக்கம் சூம்பிவிடும். விசிறத்தான் வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பின் விசிறுங்கள்.

வாகரை மணல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மாட்டெரு போதாவிட்டால் கோழி எருவைக் குழியில் இடலாமா, அண்ணன்?

திருக்கோவில் தோட்டக்காரன் எழுதியது:

பச்சையாக இட்டால் வேர் கருகிவிடும், தம்பி. நன்றாக மக்க வைத்து, நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே மண்ணோடு கலந்து நீர் விடுங்கள். அதிலும் நைதரசன் உண்டு என்பதால், முதல் மேற்கட்டில் யூரியாவை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.