140 மி.மீ. ஃபோர்க், 95-க்கு மேல இறங்கவே மாட்டேங்குது – டோக்கனைக் கழற்றலாமா?

சரளைப்பாதை – கேள்வி

வணக்கம். டிரெயில் பைக் (காட்டுத்தடத்துல ஓட்டுற சைக்கிள்), முன்னால 140 மி.மீ. வரைக்கும் அமுங்குற ஏர் ஃபோர்க் (காத்தையே ஸ்பிரிங்கா வச்ச முன்சக்கர சஸ்பென்ஷன்), 35 மி.மீ. ஸ்டான்ஷன் (கீழ்க்காலுக்குள்ள வழுக்குற மேல்குழாய்). என் எடை 74 கிலோ, ஹெல்மெட் தண்ணிப்பை எல்லாம் சேர்த்து 79. ஃபோர்க்ல ஒட்டியிருக்கிற அட்டவணைப்படி 88 பிஎஸ்ஐ. பம்பைக் கழற்றும்போது 'உஸ்'னு காத்து போகுது, அதுக்கு ஈடா 98 வரைக்கும் அடிச்சுட்டுக் கழற்றுறேன். ஸேக் (என் எடைக்கு ஃபோர்க் தானா அமுங்குற அளவு) 28 மி.மீ., அதாவது சரியா 20%. ரீபவுண்ட் (அமுங்கின ஃபோர்க் திரும்பி வர்ற வேகத்தைக் கட்டுப்படுத்துற திருகு) 14 கிளிக். கம்ப்ரஷன் (அமுங்குற வேகத்தைக் கட்டுப்படுத்துற திருகு) முழுசா திறந்திருக்கு.

வேரும் கல்லும் வரிசையா வர்ற இடத்துல முதல் ரெண்டு அடியை வாங்கிக்குது, அப்புறம் கட்டை மாதிரி ஆயிடுது. அரை மணி நேரத்துல உள்ளங்கை மரத்துப் போகுது. எவ்வளவு பெரிய இறக்கத்துலயும் ஓ-ரிங் (எவ்வளவு அமுங்கினதுன்னு காட்ட ஸ்டான்ஷன்ல இருக்கிற ரப்பர் வளையம்) 95 மி.மீ.யைத் தாண்டினதில்ல. உள்ள 2 டோக்கன் (காத்தறையோட இடத்தைக் குறைச்சு, கடைசிப் பகுதியை இறுக வைக்கிற துண்டு) இருக்குன்னு கூட வந்த தாள் சொல்லுது. ஒண்ணைக் கழற்றிடவா?

மேடுபள்ளம்

டோக்கன் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க. ரெண்டு விஷயம் சொல்லுங்க. அந்த 14 கிளிக் எங்கிருந்து எண்ணினது, திருகை முழுசா மூடின இடத்துல இருந்தா, திறந்த இடத்துல இருந்தா? ஸேக் அளக்கும்போது என்ன செஞ்சீங்க, ஒண்ணுவிடாம எழுதுங்க.

சரளைப்பாதை

திறந்த இடத்துல இருந்து 14. மொத்தம் 18 கிளிக் இருக்கு. ஸேக்குக்கு, பைக்கைச் சுவரோரம் நிறுத்தி சீட்ல உட்கார்ந்தேன், ஃபோர்க் படியட்டும்னு ஹேண்டில்பாரை ரெண்டு தடவை அமுக்கினேன், அப்புறம் இறங்கி ஓ-ரிங்கை அளந்தேன்.

மேடுபள்ளம்

உங்க 28 மி.மீ. ஸேக்கே இல்ல. ஓ-ரிங் மேல போகும், தானா கீழ வராது. அமுக்கினப்போ எது உச்சமோ அங்கேயே நின்னுடும். நீங்க அளந்தது உங்க கைபலத்தை.

இப்படிச் செய்யுங்க. ஓட்டும்போது போடுற எல்லாத்தையும் போட்டுக்கிட்டு, ஒருத்தரைப் பின்சக்கரத்தைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. பெடல் ரெண்டும் ஒரே மட்டத்துல, எழுந்து நின்னு, முழங்கை லேசா மடிஞ்சு, இறக்கத்துல நிக்கிற மாதிரி நில்லுங்க. முன்பிரேக்கைத் தொடாதீங்க. சீல் (ஸ்டான்ஷன் கீழ்க்காலுக்குள்ள நுழையுற இடத்து ரப்பர்) உராய்வு விடுறதுக்கு ரெண்டு மூணு தடவை குதிச்சு அமுக்கலாம், தப்பில்ல. ஆனா அதுக்கப்புறம் அசையாம நிக்கும்போது கூட இருக்கிறவர் ஓ-ரிங்கை சீல் மேல இறக்கி வைக்கணும். பிறகு பூ மாதிரி பின்பக்கமா இறங்குங்க. சீலுக்கும் ஓ-ரிங்குக்கும் நடுவுல இருக்கிறதுதான் ஸேக். 140-க்கு 15% என்றால் 21 மி.மீ., 20% என்றால் 28. உங்க பிரச்சினைக்கு 25 பக்கம் வச்சு ஆரம்பிக்கலாம்.

அந்த 'உஸ்' பம்போட குழாயில இருக்கிற காத்து. நல்ல ஷாக் பம்ப்ல, ஃபோர்க் வால்வு மூடின பிறகுதான் பம்போட பிடி விடும், அதனால ஃபோர்க்ல இருந்து ஒண்ணும் போறதில்ல. திரும்ப மாட்டினா முள் குறைச்சுக் காட்டும்தான், ஏன்னா இந்த முறை ஃபோர்க் காத்துதான் காலியான குழாயை நிரப்புது. ஆக உள்ள இருந்தது 88 இல்ல, 98.

இன்னொண்ணு, காத்து அடிக்கும்போது ஒரே மூச்சுல அடிக்காதீங்க. 40, 50 பிஎஸ்ஐக்கு ஒரு தடவை நிறுத்தி, ஃபோர்க்கைக் கால்வாசி தூரம் மெதுவா பத்து தடவை அமுக்கணும். மேல் அறைக் காத்து சின்னத் துளை வழியா கீழ் அறைக்கும் போய்ச் சமமாகணும். இல்லன்னா வீட்ல ஒரு ஸேக், காட்டுல ஒரு ஸேக்.

ரீபவுண்ட்: திறந்ததுல இருந்து 14 என்றால் மூடினதுல இருந்து வெறும் 4. மூட மூட ஃபோர்க் திரும்பி வர்றது மெதுவாகும், ஆக இது ரொம்ப மெது. "முதல் ரெண்டு கல்லை வாங்கிக்குது, அப்புறம் கட்டை"ன்னு எழுதினீங்களே, வியாதியோட பேரே அதுலதான் இருக்கு. ஒரு கல்லுல அமுங்கின ஃபோர்க் மேல வர்றதுக்குள்ள அடுத்தது அடிக்குது. படிப்படியா கீழேயே தங்கிடுது. அங்க ஏர் ஸ்பிரிங் ஏற்கெனவே இறுகி நிக்கும். கை வலிக்காம என்ன செய்யும்? காத்தைக் குறைச்ச பிறகு, மூடினதுல இருந்து 9-ல வச்சு ஓட்டிப் பாருங்க. ஹேண்டில்பாரை நல்லா அமுக்கிச் சட்டுனு விட்டா பார் வேகமா மேல வரணும், ஆனா சக்கரம் தரையை விட்டுத் துள்ளக் கூடாது. இனி எப்பவும் மூடின பக்கத்துல இருந்தே எண்ணுங்க, எழுதி வைக்கிறவங்க பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவாங்க.

கரடுதடம்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் எண்களுக்கு முன் ஃபோர்க் தடையில்லாமல் நகர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருக்கும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே ஃபோர்க்கை அசைத்தபடி வெளியே விடுங்கள். படாரென்று விட்டால் கீழ் அறையில் அழுத்தம் தங்கி ஃபோர்க்கை உள்ளிழுத்துக்கொள்ளும். காலியானதும் சக்கரம் மாட்டியபடியே கையால் அமுக்குங்கள். 140 மி.மீ.யும் ஒரே சீராக வழுக்க வேண்டும். நடுவில் பிடித்தால் அது செட்டிங் கோளாறு அல்ல. ஆக்சிலை (சக்கர அச்சை) தளர்த்தியதும் சரியாகிவிட்டால், இரண்டு கால்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டிருக்கின்றன. பின்ச் போல்ட் (ஆக்சிலைக் காலோடு கவ்விப் பிடிக்கும் போல்ட்) உள்ள ஃபோர்க் என்றால் முதலில் ஆக்சிலை இறுக்கி, பின்ச் போல்டைத் தளர்வாக விட்டு, ஐந்தாறு தடவை அமுக்கி, கால் தானாக இடம் பிடித்த பிறகு போல்டை இறுக்குங்கள்.

அடுத்தது லோயர் லெக்கில் (ஃபோர்க்கின் கீழ்க்காலில்) சிக்கிய காற்று. ஏர் ஸ்பிரிங்குக்கு வெளியே, சீலுக்குக் கீழே அடைபட்டுக் கிடப்பது இது. ஷாக் பம்பின் முள்ளில் தெரியாது. கடல் மட்டத்தில் மூடிய ஃபோர்க்கை 2,000 மீட்டருக்குக் கொண்டுபோனால் வெளிக்காற்று 14.7-லிருந்து சுமார் 11.5 பிஎஸ்ஐக்கு இறங்கும். அந்த 3 பிஎஸ்ஐ வித்தியாசம் உள்ளிருந்து தள்ளும். ஃபோர்க் அமுங்க அமுங்க அந்தக் காற்றுக்கும் இடம் சுருங்கி, இன்னொரு ஸ்பிரிங் போல எதிர்க்கும். சில ஃபோர்க்குகளில் காலின் பின்புறம் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் போதும். இல்லையென்றால் சீலைச் சுற்றித் துடைத்துவிட்டு, மெல்லிய கேபிள் டையின் மழுங்கிய முனையைச் சீலுக்கும் ஸ்டான்ஷனுக்கும் இடையில் மெதுவாக நுழையுங்கள். 'புஸ்' என்று ஒரு சத்தம், கூடவே துளி எண்ணெய். அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர், ஊசி எதுவும் வேண்டாம். ஸ்டான்ஷனில் ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய்க் கசிவு நிரந்தரம்.

லோயர் லெக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? 50 மணி நேரம் ஓட்டியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். முன்டயர் அழுத்தம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லை.

சரளைப்பாதை

டயர் 2.4 டியூப்லெஸ், 34 பிஎஸ்ஐ. சர்வீஸ் ஆகி 15 மணி நேரம்தான். காத்தை எடுத்துட்டு அமுக்கினேன், 140-ம் வழுக்கிக்கிட்டு இறங்குது. கேபிள் டை விட்டதும் இடது காலில் நல்லா சத்தம் வந்தது, வலதுல ஒண்ணுமில்ல. பழைய 98-க்கே திரும்ப அடிச்சு, நீங்க சொன்ன மாதிரி நின்னு அளந்தா ஸேக் 17 மி.மீ.தான்!

கரடுதடம்

17 என்றால் 12%. போதாது. டயரில் 34 உங்கள் எடைக்குக் கல்மாதிரி, 24-க்கு இறக்குங்கள். கல் ரிம்மில் இடித்தால் ஒரு பிஎஸ்ஐ ஏற்றலாம். பொடிக்கல் அதிர்வில் பெரும்பங்கு டயருடையது, பழி மட்டும் ஃபோர்க்குக்கு. ஆனால் டயரை ஒரு நாள், ஃபோர்க்கை மறுநாள் மாற்றுங்கள். சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

சரளைப்பாதை

டயர் 24, அடுத்த நாள் ஃபோர்க் 82 பிஎஸ்ஐ, ஸேக் 25 மி.மீ., ரீபவுண்ட் மூடினதுல இருந்து 9. அதே தடம். கட்டையாகுறது நின்னுடுச்சு, கையும் மரக்கல. ஓ-ரிங் 118 வரைக்கும் போயிருக்கு. ஆனா பிரேக் பிடிச்சா முன்ன விட முகம் குத்துது (பைக்கோட முன்பக்கம் கீழ அமுங்குது). இப்பவாவது டோக்கன்?

மேடுபள்ளம்

முகம் குத்துறதுக்கு லோ-ஸ்பீடு கம்ப்ரஷனை (மெதுவான அமுக்கத்தைக் கட்டுப்படுத்துற திருகை) 2 கிளிக் மூடுங்க. காத்தை ஏத்தாதீங்க, பழைய இடத்துக்கே போயிடுவீங்க.

118 அந்தத் தடத்தோட பெரிய அடியில வந்ததா? அப்படின்னா 22 மி.மீ. சும்மா கிடக்கு, ஒரு டோக்கன் எடுக்கலாம். 5 முதல் 10 மி.மீ. மிச்சம் இருந்தா தொடவே மாட்டேன், தப்பா இறங்குற ஒரு நாளைக்கு வேணும். கழற்றும்போது காத்தை முழுசா, மெதுவா விட்டு, முள் பூஜ்யம் காட்டின பிறகுதான் டாப் கேப்பை (ஃபோர்க் காலோட மேல்மூடியை) தொடணும். ஃபோர்க் உள்ளிழுத்தே நின்னா திறக்காதீங்க. சரியான அளவு சாக்கெட் போட்டு, நேரா அழுத்திப் பிடிச்சுத் திருகுங்க, கேப் அலுமினியம், முனை சுலபமா மழுங்கும். மூடும்போது கேப்லயோ கையேட்டுலயோ போட்டிருக்கிற டார்க் (இறுக்க அளவு). பிறகு 82-க்கே அடிங்க, நடுநடுவுல அமுக்கிக்கிட்டு. டோக்கன் ஸேக்கை அதிகம் மாத்தாது, கடைசி மூணுல ஒரு பங்குலதான் வேலை. அதே பெரிய அடியில ஓ-ரிங் 130 கிட்ட நின்னா அப்படியே விட்டுடுங்க. 'டக்'குனு அடியில இடிச்சா கழற்றினதைத் திரும்பப் போடுங்க.