பிட்புல்லா? மூஞ்சியைப் பார்த்து முடிவு கட்டாதீங்க
*நம்ம புளோக் தமிழ்க் குடும்பங்கள் (சிங்கப்பூர், அரட்டைக் குழு)*

கோமதி அக்கா: வாய்ட் டெக்ல (புளோக்குக்குக் கீழ இருக்கற திறந்த தளம்) பழுப்பு நாய் ஒண்ணு சுத்துது. உடம்பெல்லாம் கறுப்புக் கோடு, அகல மூஞ்சி. லீஷ் இல்ல. எல்லாரும் பயப்படுற பிட்புல் நாய்தானே? பக்கத்துப் புளோக் குழுவுக்கும் படத்தை அனுப்பவா?

ரவி (நாய்ப் பயிற்சி): அனுப்பாதீங்கக்கா. அந்தக் கோடு பாக்ஸர், கிரேஹவுண்ட், நம்ம ஊர்த் தெருநாய்னு பலதுக்கும் வரும். படத்துல வாலு சாட்டை மாதிரி நீளம், காலும் மெலிசு. உள்ளூர்க் கலப்பா இருக்கவே வாய்ப்பு அதிகம். அதையும் உறுதியா சொல்ல முடியாது.

செல்வி (கால்நடை கிளினிக்): தினமும் நாயைப் பாக்கறவங்களே தடுமாறுற விஷயம் இது. அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல 4 நாய்க் காப்பகம், 120 நாய் வச்சு நடந்த ஆய்வு 2015ல வந்துச்சு. ஊழியர்கள்ல ஒருத்தராவது பிட்புல் வகைன்னு சொன்னது 62 நாயை. டிஎன்ஏ-ல அப்படி வந்தது 25 தான். நிறம், முடி, காது இதையெல்லாம் முடிவு பண்றது ரொம்பக் கொஞ்ச ஜீன்தான். அதனால கலப்புக் குட்டி அப்பா அம்மா ரெண்டு பேர் மாதிரியும் இல்லாம போகலாம்.

கண்ணன்: கடிச்சா தாடை பூட்டிக்கும்னு சொல்றாங்களே அண்ணே?

ரவி: அப்படி ஒரு பூட்டே கிடையாது தம்பி. தாடை மூட்டு எல்லா நாய்க்கும் ஒண்ணுதான். சில நாய் கவ்வினா விடாது, அது பிடிவாதம். எந்த நாய் கவ்வினாலும் வெடுக்குனு இழுக்காதீங்க, சதை கிழியறது அதுலதான். கழுத்துப்பட்டையைப் பிடிச்சு அதை அசையவிடாம நிறுத்தணும். தெரியாத நாய் கிட்ட வந்தா ஓடாதீங்க. பக்கவாட்டா திரும்பி நில்லுங்க, கையை மடக்கிக்கோங்க, கண்ணைப் பாக்காதீங்க.

கண்ணன்: சட்டம் என்ன சொல்லுது?

செல்வி: சிங்கப்பூர்ல ‘பிட்புல்’ங்கற பட்டியல்லயே அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், அமெரிக்கன் புல்டாக், இதுங்களோட கலப்பு எல்லாம் அடங்கும். இறக்குமதிக்கே அனுமதி இல்ல. அதே ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியரை பிரிட்டன்ல யாரும் வளர்க்கலாம். முட்டை மூஞ்சி புல் டெரியர், ராட்வைலர், டாபர்மேன் இங்க வேற பிரிவு. ஸ்டெரிலைஸ் பண்ணணும், தோலுக்கு அடியில அடையாள எண் உள்ள சிப் வைக்கணும், பயிற்சி கொடுக்கணும், 1,00,000 வெள்ளி காப்புறுதி எடுக்கணும், வெளிய வந்தா லீஷும் வாய்க்கவசமும் போடணும். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல ரெண்டு பிரிவுக்கும் இடமில்ல.

கண்ணன்: அப்போ தத்தெடுக்குமுன் டிஎன்ஏ பார்த்துடலாமா?

செல்வி: பாக்கலாம், ஆனா அதையே முழுசா நம்ப வேணாம். கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக்குச்சியை வச்சுத் தேய்க்கணும். சாப்பிட்ட உடனே எடுத்தாலோ, இன்னொரு நாயோட எச்சில் பட்டாலோ, எடுத்த சாம்பிள் கெட்டுடும். குச்சியை ஈரத்தோட மூடிடாதீங்க, நல்லா காயவிடுங்க. ஆய்வகத்தோட தரவுத்தளத்துல தெருநாய் வகை கம்மியா இருந்தா, கிட்டத்தட்ட பொருந்துற ஏதோ ஒரு இனத்தோட பேரைச் சொல்லிடும். எடுக்குறதுக்கு முன்னாடி சிப் எண்ணை வாங்கி, உரிமத்துல என்ன இனம்னு பதிஞ்சிருக்குன்னு பாருங்க.

கோமதி அக்கா: அப்போ இதைப் புகார் பண்றதா வேணாமா?

ரவி: கண்டிப்பா பண்ணுங்க. எந்த இனமா இருந்தாலும் பொது இடத்துல லீஷ் இல்லாம விடக்கூடாது. இனப்பேரை எழுதாதீங்க. நேரம், இடம், கூட ஆள் இருந்தாங்களா, கழுத்துப்பட்டை என்ன நிறம், நாய் குரைச்சுதா துரத்துச்சான்னு மட்டும் எழுதுங்க.

கோமதி அக்கா: சரி. “இரவு 8 மணி, லிஃப்ட் பி பக்கம், நடுத்தர அளவு பழுப்பு நாய், சிவப்புப் பட்டை, கூட ஆள் இல்லை, யாரையும் துரத்தவில்லை.” ஒன்சர்வீஸ் புகார் செயலியில இப்படியே போடுறேன்.