அக்கா மகளோடு கே-பாப் கச்சேரிக்குப் போன அனுபவம்

போன மாதம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கே-பாப் (கொரிய பாப் இசை) கச்சேரிக்குப் போய் வந்தேன். ஒரே குழுவின் கச்சேரி இல்லை. எட்டுக் குழுக்கள் அடுத்தடுத்து மேடையேறி, ஆளுக்கு மூன்று நான்கு பாட்டு பாடிவிட்டுப் போகும் கூட்டுக் கச்சேரி. அவளுக்கு 14 வயது. அவள் உயிரையே வைத்திருக்கும் குழு நான்காவதாக வருவதாக இருந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் கிளம்பினேன்.

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "சித்தி, இதைப் படிச்சு வச்சுக்குங்க" என்றாள். திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாகப் பெயர்கள். பாடகர்கள் வாயைத் திறப்பதற்கு முன் இசை மட்டும் ஓடும் சில நொடிகளில், ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து குழுவில் இருப்பவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கத்துவார்கள். பாட்டின் நடுவிலும் எந்த வரிக்குப் பின் எந்தச் சொல்லைக் கத்த வேண்டும் என்று கணக்கு உண்டு. ஃபேன்சாண்ட் என்பார்கள். அதை எட்டுக் குழுக்களுக்கும் எழுதியிருந்தாள், எனக்காகத் தமிழ் எழுத்தில்.

தமிழ் எழுத்தில் அது அழகாக உட்கார்ந்திருந்தது எனக்கு ஆச்சரியம். கொரிய மொழியில் அப்பாவுக்கு 'அப்பா' என்றே சொல்வார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அவள் அதற்கும் மேலே ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். நம் 'பல்'லில் வரும் 'ப' ஒரு மாதிரியும், 'அன்பு'வில் வரும் 'ப' வேறு மாதிரியும் ஒலிக்கிறது அல்லவா? எழுத்து ஒன்றுதான், இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். கொரிய மொழியிலும் அந்த எழுத்து அப்படித்தானாம். "ஆங்கில எழுத்துல எழுதினா குழப்பம் சித்தி, தமிழ்ல எழுதினா தானாவே சரியா வருது" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது, அவளாகவே உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பிடித்தது.

"உன் குழு ஒண்ணுதானே? மற்ற ஏழுக்கும் எதுக்கு எழுதினே?" என்று கேட்டேன். "அங்க போய்ச் சொல்றேன்" என்றாள்.

வாசலில் வரிசை நீளம். உள்ளே விட இரண்டு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில்தான் சொன்னாள். 1990களின் பிற்பகுதியில் எச்.ஓ.டி., செக்ஸ்கீஸ் என்று இரண்டு கொரியக் குழுக்கள். எச்.ஓ.டி. ரசிகர்கள் வெள்ளை பலூனும், செக்ஸ்கீஸ் ரசிகர்கள் மஞ்சள் பலூனும் பிடித்துக்கொண்டு வருவார்களாம். இன்னின்ன குழுவுக்கு இன்ன நிறம் என்பது அந்தக் காலத்துப் பழக்கம். பலூன் போய், கையில் பிடித்து ஆட்டும் விளக்கு வந்தது. தங்கள் குழு வரும்போது அரங்கமே ஒரே நிறத்தில் கடல் மாதிரி தெரிய வேண்டும் என்பது ஒவ்வொரு ரசிகர் கூட்டத்துக்கும் ஆசை. அதற்கு மறுபக்கமும் உண்டு. தென் கொரியாவில் 1995-இல் தொடங்கிய ட்ரீம் கான்சர்ட் இந்த மாதிரி பல குழுக்கள் சேர்ந்து பாடும் கச்சேரிதான். அதில் 2008 ஜூன் 7 அன்று கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற குழு மேடையேறியபோது, மற்றக் குழுக்களின் ரசிகர்கள் பேசி வைத்த மாதிரி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அறிமுகமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஒன்பது பெண்கள். அவர்கள் ஆடிப் பாடிய கிட்டத்தட்ட பத்து நிமிடமும் எதிரே இருட்டு. அதற்குக் கறுப்புக் கடல் என்று பெயரே விழுந்துவிட்டது.

"நான் பிறக்கறதுக்கு முன்னாடி நடந்தது சித்தி. ஆனா அந்த வீடியோவைப் பார்த்தா இப்பவும் வயித்தைப் பிசையுது. அதான் எல்லாருக்கும் எழுதினேன்" என்றாள். வரிசை நகர்ந்தது. நான் அவள் தோளைத் தொட்டுக்கொண்டே நடந்தேன்.

உள்ளே போவதற்கு முன் காது அடைப்பான் போட்டுவிட்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் சுற்றிலும் பார்த்தவரை பத்துப் பிள்ளைகளில் ஒருவர் காதில்கூட அதைக் காணோம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கச்சேரி அரங்குகளுக்கென்று ஒரு வரையறை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை காது தாங்கும். அதுவே 100 டெசிபலானால் வெறும் 20 நிமிடம். நாங்கள் உட்கார்ந்திருந்ததோ ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். ஒலிபெருக்கி மட்டுமில்லை, காதுக்குப் பக்கத்திலேயே கத்தும் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது.

பஞ்சு மாதிரி இருக்கும் சாதாரண அடைப்பானை அப்படியே காதில் திணித்தால் நிற்காது. விரல் நடுவில் வைத்து மெல்லிய குச்சிபோல உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் துளை நேராகும். உள்ளே விட்டு, அது விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு இடது காதில் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு முப்பதுவரை எண்ணினாள், நின்றது. "பாட்டு கேக்காதே சித்தி" என்று முதலில் முனகியவள், முதல் குழு பாடி முடித்ததும் "இப்பத்தான் வார்த்தை தெளிவா கேக்குது" என்றாள். இசைக்கென்றே செய்த அடைப்பான்கள் இன்னும் நல்லவை. எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைப்பதால் பாட்டு மங்காது. அடுத்த தடவை அதுதான்.

கச்சேரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தவறு செய்தேன். கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றவளைத் தனியாக அனுப்பினேன். டிக்கெட் இரண்டும் என் பையில். பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. போன் போடலாம் என்றால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் இருப்பதால் சிக்னலே கிடைக்கவில்லை. எழுந்து தேடப் போனால் அவள் வரும்போது நான் இருக்கமாட்டேன். இருந்தால் வயிறு கலங்குகிறது. வட்டமான அரங்கத்தில் எந்த வாசலைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும், அது வேறு. கடைசியில் ஒரு ஊழியப் பெண் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு நீலத் தூண் இருந்ததை நினைவில் வைத்துச் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து இருக்கையில் பேரனோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். அதுவரை பேசிக்கொள்ளவில்லை. நடந்ததைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "இப்படிக் கொடும்மா கையை" என்று அவளுடைய மணிக்கட்டின் உள்பக்கத்தில் எங்கள் பிரிவு எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதினார். அவர் பேரன் கையிலும் அதே எழுத்து இருந்தது. "போன் வேலை செய்யாது, சீட்டு தொலையும். கை எங்கே போகப் போகுது?" என்றார். இத்தனை திட்டமிட்டும் எனக்குத் தோன்றாத ஒன்று. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் தயவுசெய்து செய்யுங்கள்.

முதல் மூன்று குழுக்களும் மளமளவென்று வந்து போயின. வாத்தியங்களை ஏற்றி இறக்கும் வேலை இல்லாததால் நடுவில் நேரமே ஆவதில்லை. திரையில் ஒரு நிமிட வீடியோ, உடனே அடுத்த குழு. எங்கள் இருக்கை மேடையிலிருந்து கிட்டத்தட்ட நூறு மீட்டர் தள்ளி. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், அதனால் மேடையில் கால் தரையைத் தொடுவதற்கும் அந்தத் தாளம் எங்களுக்குக் கேட்பதற்கும் நடுவே சின்ன இடைவெளி. நான் பெயர்களைச் சொல்லும்போதெல்லாம் தப்பியது. "மேடையைப் பார்க்காதீங்க சித்தி, காதுல கேக்கறதை வச்சுச் சொல்லுங்க" என்றாள். சரியாக வந்தது.

நான்காவதாக அவள் குழு. அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், அது அவளுடையது. மேடை இருண்டு முதல் ஒலி வந்ததும் என் கையைப் பிடித்தவள், மூன்று பாட்டு முடியும்வரை விடவே இல்லை. கண்ணீர் வழிய வழியப் பெயர்களைச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஐந்தாவதாக வந்தது சில மாதங்களுக்கு முன்தான் அறிமுகமான ஐந்து பெண்கள். நான் இங்கே எழுத வந்ததே இதைச் சொல்லத்தான்.

ஒரே குழுவின் கச்சேரி என்றால் கையிலிருக்கும் விளக்கைச் செயலி வழியாக இருக்கை எண்ணோடு இணைத்துவிடுவார்கள். அரங்கத்தின் எல்லா விளக்குகளையும் ஓரிடத்திலிருந்தே நிறம் மாற்றலாம். கூட்டுக் கச்சேரியில் ஒவ்வொரு குழுவின் ரசிகரும் தங்கள் தங்கள் விளக்கைக் கொண்டு வந்திருப்பார்கள், ஏற்றுவதும் அணைப்பதும் அவரவர் விரலில்தான். அந்தப் பெண்கள் வந்தபோது யாரும் வேண்டுமென்று அணைக்கவில்லை. களைத்துப்போய் உட்கார்ந்தார்கள், விளக்கை மடியில் போட்டார்கள், எடுத்த வீடியோ சரியாக வந்திருக்கிறதா என்று போனைப் பார்த்தார்கள். ஆனாலும் மேடையிலிருந்து பார்த்தால் இருட்டு இருட்டுதானே. தூரத்தில் இடது மூலையில் மட்டும் ஒரு கை அளவு வெளிச்சம்.

இவள் உட்காரவில்லை. தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தாள், முகத்தைத் துடைத்தாள், விளக்கைத் தலைக்கு மேல் தூக்கினாள். குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது. அதை வைத்துக்கொண்டே ஐந்து பெயரையும் சொன்னாள். நானும் எழுந்து, நோட்டில் படித்தது நினைவிருந்தவரை சொன்னேன். பெரியவரின் பேரன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். அவன் வேறு குழுவுக்காக வந்தவன், வேறு நிற விளக்கு. ஏற்றிக்கொண்டு எழுந்தான். பிறகு எங்கள் வரிசையில் நாலைந்து பேர், பின்வரிசையில் சிலர். அவ்வளவுதான், அரங்கமே எழுந்ததாகச் சொல்ல மாட்டேன். இரண்டாம் பாட்டு முடிந்து அந்தப் பெண்கள் மூச்சு வாங்க நின்றபோது, பெரிய திரையில் ஒருத்தியின் முகம் வந்தது. காதோர மைக்கைச் சரிசெய்தபடி எங்கள் பக்கமாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். விளக்கொளியில் அவளுக்கு என்ன தெரிந்திருக்குமோ. குனிந்து வணங்கினாள்.

"நம்மளைப் பார்த்தாங்களா சித்தி?"

"பார்த்திருப்பாங்க கண்ணு."

கூட்டுக் கச்சேரி வீண், பிடித்த குழுவுக்கு மூன்று பாட்டுதான் கிடைக்கும், தனிக் கச்சேரிக்கே போங்கள் என்று பலர் சொல்கிறார்கள். போவதற்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது என்னைக் கேட்டால், முதல் தடவை போகும் பிள்ளையை இதற்கே கூட்டிப் போங்கள் என்பேன். தனிக் கச்சேரியில் எல்லாரும் ஒரே ஆளை விரும்புகிறவர்கள், கத்துவது சுலபம். இங்கே பக்கத்து இருக்கைக்காரர் விரும்புவது வேறு ஒருவரை. அவருடைய நேரம் வரும்போது நம் பிள்ளை என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும். அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன்.

கடைசியில் எட்டுக் குழுக்களும் சேர்ந்து மேடைக்கு வந்தன. நெரிசலுக்குப் பயந்து முன்கூட்டியே கிளம்பலாம் என்று நினைத்திருந்தேன், மனசு வரவில்லை. முழுக்க நின்று பார்த்துவிட்டு, கூட்டம் வடியும்வரை இருக்கையிலேயே காத்திருந்து வெளியே வந்தோம். பெரியவரும் பேரனும் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

திரும்பும் வழியில் அவளுக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. பேச வாயெடுத்தால் காற்றுதான் வந்தது. பேசாதே, நாளைக்குச் சொல் என்றேன். நோட்டைக் கேட்டு வாங்கி, விளக்கை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் காலியாக இருந்த கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். அந்த ஐந்து பெண்கள் பாடிய இரண்டாம் பாட்டில் எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று, கேட்ட நினைவிலிருந்து வரிவரியாக. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, பேனாவால் தட்டி, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது: "நாலாவது பேரை நீங்க தப்பா சொன்னீங்க. அடுத்த தடவை சரியா சொல்லணும்."