82-ல் கோல் போட்டோம், 83-ல் வாங்கினோம்: 17 வயது அணி எங்கே சறுக்கியது?

கார்னர்கொடி:

2017 அக்டோபர் 9, டெல்லி நேரு ஸ்டேடியம், 17 வயது உலகக் கோப்பையில் கொலம்பியா ஆட்டம். 82-ம் நிமிஷம் சஞ்சீவ் ஸ்டாலின் எடுத்த கார்னர், ஜீக்சன் சிங் தலையால் முட்டி 1-1. ஃபிஃபா போட்டி ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். அடுத்த நிமிஷமே கொலம்பியாவோட பெனலோசா போட்டு 1-2. அந்த வீடியோவை இப்போ பார்த்தாலும் வயிறு எரியுது.

நம்ம ஜூனியர் அணி ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் இரண்டு வசனம்தான் கிளம்பும். ஒண்ணு, "பசங்க போராடினாங்க, பெருமைப்படணும்". இன்னொண்ணு, "எல்லாக் காசும் கிரிக்கெட்டுக்குப் போகுது". ஆசிய ஜூனியர் கோப்பையில் 2018-ல் கொரியாவிடம் 0-1, 2023-ல் ஜப்பானிடம் 4-8, அப்பவும் இதே வசனம்தான். அலுத்துப் போச்சு.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அந்த 83-ம் நிமிஷ கோல் துரதிர்ஷ்டமா, தப்பா? தப்புன்னா கோல் போட்ட கையோடு ஒரு அணி என்ன செஞ்சிருக்கணும்? இன்னொரு சந்தேகம்: அதே உலகக் கோப்பையில் மெக்சிகோ வெறும் 2 புள்ளியோட நாக்-அவுட் போச்சு. அந்த டிரா கிடைச்சிருந்தா நாமும் போயிருப்போமா?

பாதிக்கோடு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். டிரா மட்டும் போதாது. மெக்சிகோ பிரிவில் மூன்றாம் இடம் 2 புள்ளியிலேயே கிடைத்தது, அதனால் தப்பித்தார்கள். நம் பிரிவில் கானா, கொலம்பியா, அமெரிக்கா மூன்றுமே 6 புள்ளியில் முடித்தன. கொலம்பியாவோடு டிரா, கானாவோடும் டிரா என்று வைத்தால் அமெரிக்கா 6, கொலம்பியா 4, கானா 4, நாம் 2. அப்போதும் கடைசி இடம்தான். கொலம்பியாவோடு டிரா செய்து கானாவை ஒரு கோலிலாவது ஜெயித்திருந்தால் நமக்கு 4, கானாவுக்கு 3. அப்போது கதவு திறந்திருக்கும். ஆக அந்த ஒரு நிமிடம் பறித்தது ஒரு வாய்ப்பை, தகுதியை அல்ல.

இனி முக்கியமான விஷயம். அந்த ஒரு கோலை மட்டும் பார்த்தால் துரதிர்ஷ்டம் போலத்தான் தெரியும். மூன்று ஆட்டத்திலும் நாம் வாங்கிய 9 கோலின் நிமிடங்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள்:

அமெரிக்கா: 30 (பெனால்டி), 51, 84
கொலம்பியா: 49, 83
கானா: 43, 52, 86, 87

முதல் பாதியில் இரண்டு. இரண்டாம் பாதியில் ஏழு. அந்த ஏழில் மூன்று, இடைவேளை முடிந்து ஏழு நிமிடத்துக்குள். மீதி நான்கும் 83-க்கும் 87-க்கும் நடுவில். 53-லிருந்து 82 வரை ஏறக்குறைய அரை மணி நேரம், மூன்று ஆட்டத்திலும், ஒன்று கூட விழவில்லை! திறமைதான் பற்றவில்லை என்றால் கோல்கள் ஆட்டம் முழுக்கச் சிதறி விழுந்திருக்கும். இரண்டே இரண்டு இடத்தில் கொத்தாக விழுந்திருக்கிறது. அதை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது.

ஸ்டாப்பர்_நாலு:

பாதிக்கோடு அண்ணன் போட்ட கணக்கு சரி. கோல் போட்ட அடுத்த நிமிஷத்தைப் பற்றி மட்டும் நான் சொல்றேன்.

கார்னர்னா உயரமான ஆட்கள் எல்லாரும் எதிரணி பாக்ஸுக்குள்ள இருப்பாங்க. ஸ்டாப்பர் (நடுத் தற்காப்பு ஆட்கள்) இரண்டு பேர், அவங்களுக்கு முன்னாடி நிற்கிற தடுப்பு மிட்ஃபீல்டர். பின்னாடி இரண்டு பேரும் கீப்பரும்தான். கோல் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் கொடிக்கம்பத்தைப் பார்த்து ஓடும், ஒருத்தர் மேல ஒருத்தர் விழும். அங்கிருந்து சொந்த இடத்துக்கு 60, 70 மீட்டர் திரும்பி வரணும். நாடித்துடிப்பு உச்சத்துல, கவனம் கேலரியில. இந்த நிலையில கிக்-ஆஃப் நடந்தா தற்காப்பு லைன் கோணல் மாணலாத்தான் நிற்கும். ஸ்டாப்பர்களுக்கு முன்னாடி இருக்கிற இடத்தை யார் பார்க்கிறதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது:

கொண்டாட்டத்துக்குப் பின்னாடி நிற்கிற அந்த இரண்டு பேரும் கீப்பரும் போகவே கூடாது. இது ஆட்டத்துக்கு முன்னாடியே பேர் சொல்லி முடிவாகியிருக்கணும்.

எல்லாரும் சொந்தப் பாதிக்குள்ள வந்தாத்தான் கிக்-ஆஃப் எடுக்க முடியும், விதி அப்படி. அதனால ஒருத்தர் நடந்தே வரணும். ரெஃப்ரீ முறைப்பார், முறைக்கட்டும். ஆனா சட்டையைக் கழற்றினா மஞ்சள் கார்டு, அது வேண்டாத செலவு.

கோச் கையில ஒரு மாற்று ஆட்டக்காரர் தயாரா இருக்கணும். அந்த இடத்துல மாற்றினா அரை நிமிஷம் போகும், எதிரணியோட வேகம் அறுபடும், தடுப்பு மிட்ஃபீல்டுக்குப் புதுக் கால் வரும்.

கிக்-ஆஃப் ஆனதும் முதல் இரண்டு நிமிஷம் முன்னாடி போய் விரட்டக் கூடாது. கடைசி லைன் கோலிலிருந்து 25, 30 மீட்டர்ல நிற்கணும். அதுக்கும் மிட்ஃபீல்டுக்கும் 10, 12 மீட்டருக்கு மேல இடைவெளி கூடாது. முதுகுக்குப் பின்னாடி பந்து விழ இடமே இருக்கக் கூடாது.

முதல்ல கிடைக்கிற பந்தை நடுவுல விளையாடாம ஓரத்துக்கு அடிச்சு அவங்க பக்கத்து த்ரோ-இன் ஆக்கிடணும். அதுவும் முடியாம ஒருத்தன் திரும்பி ஓட ஆரம்பிச்சா நடுக்கோட்டுப் பக்கத்துலயே ஃபவுல் செய்யணும். கோலுக்கு 30 மீட்டர்ல செஞ்சா ஃப்ரீ-கிக்கே கோல் ஆகும்.

இன்னொண்ணு பலர் யோசிக்கிறதில்லை. நிறைஞ்ச மைதானம் கோல் விழுந்ததும் கத்துற கத்தல்ல கீப்பர் குரல் 10 மீட்டர் கூடப் போகாது. சொந்த ஊர்ல ஆடுறதுல இருக்கிற பாதகம் இது. அதுக்குக் கை சைகை பழகியிருக்கணும்: இரண்டு உள்ளங்கையும் கீழே அமுக்கினா லைன் இறங்கு, கையை முன்னாடி தள்ளினா ஏறு.

இதுக்குத் தனிப் பயிற்சி இருக்கு. 11 பேர் ஆட்டம், ஒரு பக்கம் 0-1 பின்தங்கியதா வெச்சு ஆடவிடணும். சமன் ஆனதும் கோல் போட்டவங்களைக் கொடிக்கம்பம் வரைக்கும் கட்டாயமா ஓடவிடணும். உடனே விசில், கிக்-ஆஃப். 90 வினாடி தாக்குப் பிடிக்கணும். வாங்கினா போட்ட கோலும் செல்லாது. ஒரு அமர்வுக்கு ஆறு சுற்று. நிறைய கோச் செய்யற தப்பு, கோல் விழுந்ததும் ஆட்டத்தை நிறுத்திப் பாடம் எடுக்கிறது. பையன் மூச்சு வாங்கிடறான். நிஜ ஆட்டத்துல அந்த மூச்சு கிடைக்காது.

வெளிக்கோடு_7:

49, 51, 52. இதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

இடைவேளை 15 நிமிடம். வியர்வையோடு உள்ளே போய் ஏசி ஓடும் அறையில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்தால் தசைச் சூடு ஒன்றிரண்டு டிகிரி இறங்கிவிடும். வெளியே வந்து முதல் ஐந்து நிமிடம் ஓட்டத்தில் வேகம் இருக்காது. பந்து காலுக்கு வந்த பிறகுதான் மூளை விழிக்கும். பெரிய அணிகள் இதை இப்படிப் பிரிக்கின்றன: முதல் மூன்று நிமிடம் தண்ணீர், கழிப்பறை, சட்டை மாற்றுவது, யாரும் பேசக் கூடாது. அடுத்த மூன்று நான்கு நிமிடம் அடிபட்டவர்களுக்கு பிசியோ, மற்றவர்களுக்கு வாழைப்பழமோ சர்க்கரைப் பானமோ. பிறகு கோச்சுக்கு மூன்று நிமிடம், அதிகபட்சம் மூன்று விஷயம். மிச்ச நேரம் வெளியே: கணுக்கால், தொடை, 10-15 மீட்டர் ஓட்டம் நாலைந்து. நம் ஊர் ஜூனியர் போட்டிகளில் பார்த்தால் 15 நிமிடமும் கோச்சின் பிரசங்கம்தான்.

ஆஃப்சைடு_ஆறுமுகம்:

எல்லாம் சரி பாஸ், ஆனா இது சாக்குதான். கானா பசங்களைப் பார்த்தீங்களா? நம்ம பசங்க தோள் உயரம்தான். அவங்கெல்லாம் 17 வயசாம்! சொன்னா நம்பணுமாம். நம்ம ஃபெடரேஷனுக்கும் 2013-லேயே போட்டி நடத்துற உரிமை கிடைச்சாச்சு, நாலு வருஷம் கையில இருந்தது. என்ன செஞ்சாங்க? 2017 ஆரம்பத்துல கோச்சையே மாத்தினாங்க.

பாதிக்கோடு:

ஆறுமுகம், கோச் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். நிகோலாய் ஆடம் போய், மார்ச்சில் போர்ச்சுகலின் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் வந்தார். அக்டோபரில் உலகக் கோப்பை. ஏழு மாதத்தில் ஒரு அணிக்குத் தற்காப்பு வடிவம் சொல்லித்தர முடியும். கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டுவது எப்படி என்று பழக்க முடியாது.

ஆனால் வயசுப் புகார் வேண்டாம். 2009 முதல் இந்தப் போட்டியில் மணிக்கட்டுக்கு எம்.ஆர்.ஐ. பார்க்கிறார்கள். முன்கை எலும்பின் மணிக்கட்டு முனையில் வளர்ச்சித் தட்டு முழுதாக ஒட்டிப்போயிருந்தால் ஆளை வெளியே அனுப்ப வேண்டியதுதான். அதைத் தாண்டித்தான் எல்லா அணியும் வருகிறது. உடல் வித்தியாசத்துக்கு எளிய காரணம் ஒன்று உண்டு. 2017-க்கு வரம்பு 2000 ஜனவரி 1. அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் ஆடலாம். நமக்கு பெனால்டி போட்ட அமெரிக்காவின் ஜோஷ் சார்ஜன்ட் பிறந்தது 2000 பிப்ரவரி, கானாவின் எரிக் அயா 2000 மார்ச். நம் ஜீக்சன் 2001 ஜூன். அந்த வயதில் 15, 16 மாதம் என்பது கிட்டத்தட்ட ஒரு வகுப்பு வித்தியாசம்.

தொப்பி_கீப்பர்:

சார்ஜன்ட் பேர் வந்ததால ஒண்ணு சேர்க்கிறேன். அந்தப் பையன் அதே 2017-ல மே, ஜூன்ல கொரியாவுல நடந்த 20 வயது உலகக் கோப்பையிலும் ஆடி 4 கோல் போட்டுட்டுத்தான் டெல்லிக்கு வந்தான். உடம்பை விடுங்க, பார்த்த ஆட்டங்களோட எண்ணிக்கையே வேற.

நம்ம ஊர்ல ஒரு 16 வயசுப் பையனுக்குப் போட்டின்னா பெரும்பாலும் நாக்-அவுட் டோர்னமென்ட்தான். முதல் ஆட்டத்துல தோத்தா பெட்டியைக் கட்டணும். வாரம் ஒரு லீக் ஆட்டம்னு எட்டு மாசம் ஓடினா முப்பது சொச்சம் ஆட்டம் கிடைக்கும். அதுல 1-1-ல இருந்து கடைசிப் பத்து நிமிஷம் ஓட்டுறது ஏழெட்டுத் தடவையாவது தானா வந்துடும். முகாம்ல மாசக்கணக்கா அடைச்சு வெச்சு, வெளிநாடு கூட்டிட்டுப் போய் நட்பு ஆட்டம் ஆடினா அது வராது. நட்பு ஆட்டத்துல 83-ம் நிமிஷம் வாங்கினா யாருக்கும் தூக்கம் போறதில்லை.

இதே பசங்களுக்கு ஆட்டம் கொடுத்தப்போ என்ன ஆச்சு பாருங்க. உலகக் கோப்பை முடிஞ்சதும் இந்தியன் ஆரோஸ்னு ஒரு அணியா ஐ-லீக்ல, அதாவது தேசிய கிளப் லீக்ல, இறக்கினாங்க. முதல் ஆட்டத்துலயே நம்ம சென்னை சிட்டியை 3-0 (அன்னிக்கு நான் யார் பக்கம்னு கேட்காதீங்க). சீசன் முழுக்க 18 ஆட்டம், 15 புள்ளி, கடைசி இடம். அவங்களைக் கீழ் லீக்குக்குத் தாழ்த்துறது கிடையாதுங்கறதால தோல்வியிலேயே பழகினாங்க. 2018 ஆகஸ்ட்ல ஸ்பெயின்ல காட்டிஃப் கோப்பை, அர்ஜென்டினா 20 வயது அணி. அனிகேத் ஜாதவ் சிவப்பு கார்டு வாங்கிப் பத்துப் பேர் ஆயாச்சு. அப்புறமும் 68-ம் நிமிஷம் அன்வர் அலி ஃப்ரீ-கிக்ல மேல் மூலையில ஏத்தினான், 2-0. அர்ஜென்டினா ஒண்ணு திருப்பிப் போட்டது. கடைசி விசில் வரைக்கும் இரண்டாவது விழலை. 2-1. எதிர் பெஞ்ச்ல கோச்சா இருந்தது ஸ்கலோனி, பின்னாடி 2022 உலகக் கோப்பையை அர்ஜென்டினாவுக்கு ஜெயிச்சுக் கொடுத்தவர்.

டெல்லியில அமெரிக்காவுக்கு எதிரா இதே அன்வர் அடிச்சது கிராஸ்பார்ல பட்டுத் திரும்பி, அதே மூச்சுல எதிர்த்தாக்குதல் ஆகி மூணாவது கோல் விழுந்தது. நடுவுல பத்தே மாசம். கூடினது ஆட்டங்களோட எண்ணிக்கை. அந்த ஆரோஸையும் 2022-ல கலைச்சுட்டாங்க. என் கோபம் எல்லாம் அதுமேலதான்.

கார்னர்கொடி:

அடடா, நிமிஷங்களை இப்படி வரிசையா எழுதிப் பார்க்கணும்னு தோணவே இல்லை. அப்போ 2018 கொரியா தோல்வியும் இதே கதைதானா?

பாதிக்கோடு:

இல்லை, அது வேறு நோய். மலேசியாவில் நடந்த ஆசிய 16 வயதுக் கோப்பையில் கோச் பிபியானோ ஃபெர்னாண்டஸின் அணி வியட்நாமை 1-0, ஈரானோடு 0-0, இந்தோனேசியாவோடு 0-0. பிரிவில் கீப்பர் நீரஜ் ஒரு கோல் கூட விடவில்லை. கால் இறுதியில் கொரியாவின் ஜியோங் சாங்-பின் 68-ல் போட்டது ஒன்றே ஒன்று. ஜெயித்திருந்தால் 2019 பிரேசில் உலகக் கோப்பைக்கு நேரடி டிக்கெட். நான்கு ஆட்டத்தில் வாங்கியது 1 கோல், போட்டதும் 1 கோல், அதுவும் வியட்நாமுக்கு எதிராக 86-ல் விக்ரம் பிரதாப் அடித்த பெனால்டி. கதவைப் பூட்டத் தெரிந்த அணி, எதிர் வீட்டுக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. 2023-ல் ஜப்பானுக்கு எதிராக நாலு போட்டோம், எட்டு வாங்கினோம். மூன்றையும் ஒரே வசனத்தில் திட்டுவதால்தான் எதுவும் சரியாவதில்லை.

ஸ்டாப்பர்_நாலு:

கொரியா ஆட்டத்துக்குத் தனி இழை போடுங்க அண்ணே. எதிரணி பாக்ஸுக்குள்ள எத்தனை பேரை அனுப்பினோம்னு பாதி பாதியா எண்ணினா அங்கேயும் ஒரு கணக்கு வரும். முழு ஆட்டம் யார்கிட்டயாவது இருந்தா லிங்க் கொடுங்க, நான் எண்ணித் தர்றேன்.